பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிறீர்களா? மெத்தை வாங்குவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

என் மூத்தவனைக் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் சேர்க்கக் கோவில்பட்டியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு போனோம். மெத்தை, இரண்டு வாளி, நான்கு பாட்டில் ஊறுகாய், இஸ்திரிப் பெட்டி, அவன் தாத்தா கொடுத்த டார்ச் லைட் என்று வீட்டில் பாதி அந்த வேனில் இருந்தது. நவம்பர் மாதம் அவனுக்குக் காய்ச்சல். நான்கு நாள் அறையிலேயே சுருண்டு கிடந்திருக்கிறான், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடைசியில் அறைத்தோழன்தான் போன் செய்தான். ஏன்டா டாக்டரிடம் போகவில்லை என்று கேட்டால், "எங்க போகணும், போய் என்ன சொல்லணும்னு தெரியலம்மா" என்கிறான். பிளஸ் டூ கணக்கில் சென்டம் எடுத்த பையன்.

அவனைத் திட்டி என்ன பயன்? அதுவரை ஒரு தடவைகூட அவன் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியதில்லை. நான் வாங்குவேன், நான் டாக்டரிடம் பேசுவேன், அவன் நாக்கை மட்டும் நீட்டுவான்.

அதனால் சின்னவளைச் சென்னைக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் மாற்றிச் செய்தேன். சாமான் பாதியாகக் குறைந்தது, பழக்கிக் கொடுத்தது இரண்டு மடங்கானது. இரண்டு பிள்ளைகளிடமும் தப்பும் சரியுமாகக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு வழியாகப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுவது. கலைக் கல்லூரிக்கோ நர்சிங்குக்கோ அனுப்புகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. பரீட்சை முடிந்த மறு வாரமே தொடங்குங்கள்

கலந்தாய்வில் இடம் உறுதியான பிறகு கல்லூரியில் போய்ச் சேரக் கிடைப்பது சில நாட்கள்தான். அந்தச் சில நாளும் கட்டணம், சான்றிதழ், ரயில் டிக்கெட் என்று ஓடிவிடும். 'அப்வேர்ட்' கொடுத்துவிட்டு இன்னும் நல்ல கல்லூரிக்காகக் காத்திருந்தால் எந்த ஊர் என்பதே கடைசியில்தான் தெரியும். ஆகவே பிள்ளைக்குப் பழக்க வேண்டியதையெல்லாம் ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் பழக்கிவிட வேண்டும்.

நான் செய்தது இதுதான்: வாரத்துக்கு ஒரு வேலையை முழுசாக அவளிடம் கொடுத்தேன். முழுசாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 'துணி துவைக்க உதவி செய்' என்றால் அது அம்மா வேலை, பிள்ளை எடுபிடி. 'இனிமேல் உன் துணி உன்னுடையது' என்றால் திங்கட்கிழமை போட்டுக்கொள்ளச் சுடிதார் இல்லாமல் நிற்க வேண்டும், அதை நாம் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரொம்பக் கஷ்டம், நான் இரண்டு முறை தோற்றேன்.

துணிக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. எங்கள் தெரு டாக்டரிடம் அவளே டோக்கன் வாங்கி, அவளே உள்ளே போய், எத்தனை நாளாக இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிட்டேன், எதற்கு அலர்ஜி என்று சொல்லிவிட்டு வந்தாள். சும்மா தலைவலிக்குத்தான் போனாள், டாக்டரும் சிரித்தார். பிறகு பேங்க்: பணம் போடும் சலானை நிரப்புவது, ஏடிஎம் கார்டுக்கு விண்ணப்பிப்பது, கவுன்டரில் இருப்பவர் எரிந்து விழுந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டு முடிப்பது. அதற்கடுத்து தனியாக ஒரு பயணம். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் போய், மாட்டுத்தாவணியில் இறங்கி, அத்தை வீட்டுக்கு டவுன் பஸ் பிடித்துப் போக வேண்டும். அவள் அப்பா பின்னாலேயே இன்னொரு பஸ்ஸில் போகிறேன் என்று நின்றார். பிடித்து உட்கார வைத்தேன்.

சமையல் அவ்வளவு அவசியமில்லை, விடுதியில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். முட்டை அவிக்கவும் கஞ்சி வைக்கவும் தெரிந்தால் போதும். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பட்டன் தைக்கவும் கற்றுக் கொடுங்கள்.

2. காகிதக் கட்டு

பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தேவைப்படுகிறவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான், இதில் மூன்று இடத்தில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்று, வருமானச் சான்றிதழ். ஓராண்டுதான் செல்லும். பழையது கையில் இருக்கிறதென்று நம்பிப் போனால் உதவித்தொகை விண்ணப்பம் போடும்போது திரும்பி இ-சேவை மையத்துக்கு ஓட வேண்டும். மே மாதமே புதிதாக எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் இது வேண்டியிருக்கும் என்பதால் காலண்டரில் குறித்துவையுங்கள்.

இரண்டு, பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பேங்க் புத்தகத்தில் எழுத்துப்பிழை. பள்ளிச் சான்றிதழில் இருப்பதுதான் அடிப்படை, மற்றதை அதற்கு ஏற்ப இப்போதே திருத்துங்கள். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் யாருடையது என்றும் பாருங்கள். என் மகனுடைய ஆதாரில் அவன் சித்தப்பாவின் பழைய நம்பர் இருந்தது. ஓடிபி எல்லாம் எங்கே போயிற்றோ.

மூன்று, ஒரிஜினல். சரிபார்த்த பிறகு ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018-லேயே அறிவித்திருக்கிறது. நடைமுறையில் மாற்றுச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மற்றவற்றைக் கொடுக்க நேர்ந்தால் என்னென்ன கொடுத்தீர்கள் என்று கையெழுத்தோடு ரசீது கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள், அதுவும் ஒரு பயிற்சிதான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சான்றிதழ்களைச் சேமித்து வைக்கும் அரசுச் செயலியான டிஜிலாக்கரிலும், உங்கள் மெயிலிலும், பிள்ளையின் மெயிலிலும் போட்டுவையுங்கள். ஐந்து செட் ஜெராக்ஸும் இருபது போட்டோவும் கையில் இருக்கட்டும், முதல் மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

3. பணம் எங்கிருந்து, எப்படி

முதலில் கிடைக்கக்கூடியதைக் கேட்டு வாங்குங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கே வரும். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். அம்மாவோடு சேர்ந்த பழைய ஜாயின்ட் கணக்கை வைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், பேங்கில் விடுதிச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரியிலிருந்து, பிள்ளை அங்கே படிக்கிறது என்று சொல்லும் போனஃபைடு சான்றிதழும், நான்கு வருடத்துக்கும் சேர்த்த கட்டண விவரமும் வாங்கிக்கொண்டு போங்கள், அதில் விடுதி, உணவு எல்லாம் தனித்தனியாகக் குறித்திருக்க வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முடிந்தவர்கள் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவாருங்கள்.

கைச்செலவுக்கு மகனிடம் மாதம் முதல் தேதி மொத்தமாகக் கொடுத்தேன். பத்தாம் தேதி தீர்ந்துவிடும். இருபதாம் தேதி, "அம்மா, ரெக்கார்டு நோட் வாங்கணும்" என்று போன் வரும், ஒரு செமஸ்டரில் அவன் வாங்கியதாகச் சொன்ன ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கினால் ஒரு நூலகமே வைக்கலாம். மகளுக்கு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன், இரண்டாம் வருடத்திலிருந்து மாதத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். எவ்வளவு என்று கேட்காதீர்கள், அது உங்கள் நிலைமையைப் பொறுத்தது. ஆனால் எதற்கெல்லாம் என்பதை முதலிலேயே பேசுங்கள்: போன் ரீசார்ஜ், சோப்பு சீப்பு, நாப்கின், ஜெராக்ஸ், பஸ், வாரம் ஒரு நாள் வெளியில் சாப்பாடு. ஊருக்கு வரும் டிக்கெட்டும் மருந்தும் அதில் சேராது, அதைத் தனியாகக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டால் பிள்ளை காய்ச்சல் மாத்திரைக்குக் காசை மிச்சம் பிடிக்காது.

யூபிஐ சர்க்கிள் என்று 2024-ல் ஒரு வசதி வந்தது: உங்கள் கணக்கிலிருந்தே பிள்ளை செலவு செய்யும்படி வைத்து, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று நீங்கள் வரம்பு போடலாம், அதிகபட்சம் 15,000 ரூபாய் வரை. நல்ல வசதிதான், நான் வேண்டாம் என்று விட்டேன். அவள் டீ குடிக்கும்போதெல்லாம் என் போன் மணி அடிக்கும், நானும் ஏன் மூன்றாவது டீ என்று கேட்பேன்.

இதை மட்டும் நன்றாக மிரட்டியே சொல்லுங்கள்: யார் கேட்டாலும் பேங்க் கணக்கையோ ஏடிஎம் கார்டையோ 'கொஞ்ச நாளைக்கு' கொடுக்கக் கூடாது. கமிஷன் தருகிறேன் என்று மாணவர்களின் கணக்கை வாங்கி மோசடிப் பணத்தை அதன் வழியே நகர்த்துகிறார்கள், போலீஸ் வரும்போது கணக்குக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும். பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவுக்குத் திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

4. விடுதியைப் பணம் கட்டும் முன் விசாரியுங்கள்

கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதியிலும் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு. விண்ணப்பம் தனி, கட்டணம் தனி. அலுவலகத்தில் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்பார்கள், அதனால் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளை யாரையாவது பிடித்துக் கேளுங்கள். கோடையில் தண்ணீர் எத்தனை நாள் வரும்? ஒரு அறைக்கு எத்தனை பேர்? கட்டில் மட்டுமா, மெத்தையும் தருவார்களா? மெஸ் கட்டணம் நிலையானதா, டிவைடிங்கா? டிவைடிங் என்றால் மாதச் செலவை மொத்தமாகப் போட்டுச் சாப்பிட்டவர்களுக்குள் பங்கு பிரிப்பது, மாதாமாதம் தொகை மாறும். ஊருக்குப் போகும் நாட்களுக்குக் கழிவு உண்டா, அதற்கு எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்? இரவு எத்தனை மணிக்கு வாசல் பூட்டுவார்கள்? அவுட்பாஸுக்குப் பெற்றோருக்குப் போன் செய்வார்களா, எந்த நம்பருக்கு? டெபாசிட் திரும்ப வருமா என்பதைக் கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நான்கு வருடம் கழித்து அந்தத் துண்டுக் காகிதத்தைத்தான் தேடுவீர்கள்.

உள்ளூர் காப்பாளர் என்று ஒருவர் பெயர் கேட்பார்கள். சொந்தக்காரர் என்பதற்காக ஊரின் மறுகோடியில் இருக்கும் மாமா பெயரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரக்கூடியவர் யாரோ அவர் பெயரைக் கொடுங்கள். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.

விடுதி கிடைக்காமல் தனியார் ஹாஸ்டலோ பிஜியோ (வாடகைக்குத் தங்கும் வீடு) பார்க்க வேண்டி வந்தால், பகலில் ஒரு முறையும் இருட்டிய பிறகு ஒரு முறையும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பதிவு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கு 2014-ல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது.

5. மூட்டை

பெரும்பாலான வழிகாட்டிகள் இதிலேயே பத்துப் பக்கம் எழுதும். நான் சொல்வது: முதல் நாள் ராத்திரிக்கும் முதல் வாரத்துக்கும் தேவையானதைக் கொண்டுபோங்கள், மற்றதை அங்கே வாங்கிக்கொள்ளலாம். வாளி, மக், மெத்தை, பக்கெட் மூடி இதையெல்லாம் ரயிலில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், விடுதிக்குப் பக்கத்துக் கடைகள் இதை நம்பித்தான் இருக்கின்றன. டிராஃப்டரும் டிராயிங் ஷீட்டும்கூட வாத்தியார் எது என்று சொன்ன பிறகு வாங்கினால் போதும். சீனியர்கள் பாதி விலைக்குத் தருவார்கள்.

வீட்டிலிருந்து அவசியம் போக வேண்டியவை: இரண்டு நல்ல பூட்டு, ஒரு சாவி உங்களிடம் இருக்கட்டும். துணிக்கொடிக் கயிறும் கிளிப்பும். பழைய வேட்டியோ மெல்லிய துண்டோ, காயாத மழைக்காலத்துக்கு. பழகிய போர்வை, அது புதிதாக இருக்கக் கூடாது, வீட்டு வாசனை இருக்க வேண்டும். எவர்சில்வர் தட்டு, தம்ளர், பெயர் வெட்டியதாக இருந்தால் நல்லது. கொசுவலை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒரு சின்ன மருந்து டப்பா: பாரசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், பேண்டெய்டு, தெர்மாமீட்டர், பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டும் பல விடுதிகளில் தடை, சோதனையில் பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். எங்களுடையது போயிற்று.

சாப்பாட்டில் பொடிதான் ராஜா. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, கறிவேப்பிலைப்பொடி மாதக்கணக்கில் நிற்கும். புளிக்காய்ச்சல் நிற்கும். தக்காளித் தொக்கு ஈரக்கரண்டி பட்ட மறுநாளே பூத்துவிடும், எவ்வளவு எண்ணெய் ஊற்றியிருந்தாலும் சரி. நெய்யைத் துணிப்பையோடு வைக்காதீர்கள், அனுபவம் பேசுகிறது. எங்கள் ஊர்க் கடலை மிட்டாயும் சாத்தூர்ச் சேவும் அறைத்தோழிகளுக்கென்று தனியாகக் கொஞ்சம் போகட்டும். முதல் நாள் யாரோடும் பேசத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு டப்பாவைத் திறந்து நீட்டுவது எளிது.

6. கொண்டுபோய் விடும் நாள்

வகுப்பு தொடங்கும் நாள் ஆடியில் விழுந்தால் வீட்டில் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். எங்கள் மாமியார் நல்ல நாள் பார்த்து, அவள் பை ஒன்றை இரண்டு நாள் முன்னாலேயே எதிர்வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டார், அன்றைக்கே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. கல்லூரி சொன்ன நேரம் ராகுகாலமாக இருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. இதிலெல்லாம் சண்டை போட்டுச் சக்தியை வீணாக்காதீர்கள்.

கூட்டமாகப் போகாதீர்கள். இரண்டு பேர் போதும். தாத்தா பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒன்பது பேர் அறைக்குள் நின்றால் மற்ற மூன்று பிள்ளைகளின் பெற்றோர் எங்கே நிற்பார்கள்? தெற்கிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் தாம்பரத்தில் இறங்குவதா எழும்பூரா என்று கல்லூரி இருக்கும் திசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன, கோயம்பேடு நினைப்பில் கிளம்பாதீர்கள்.

அறைக்குப் போனதும் கட்டில் விரிக்கத் தோன்றும். விரிக்காதீர்கள். நீங்கள் ஜன்னல் கொக்கி, கதவுத் தாழ்ப்பாள், குழாய், மின்விசிறி, ப்ளக் பாயின்ட் இவற்றைப் பாருங்கள், கெட்டுப்போனதை அன்றைக்கே புகார்ப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வார்டனிடம் பிள்ளையே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அலர்ஜி, வீசிங், வலிப்பு, சர்க்கரை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் வார்டனிடம் சொல்லுங்கள். பெண் பார்க்க வரும்போது யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து மறைத்த ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பெண் பிள்ளைக்கு ராத்திரியில் இழுப்பு வந்தபோது இன்ஹேலர் எங்கே இருக்கிறதென்று அறையில் யாருக்கும் தெரியவில்லை.

அறைத்தோழிகளின் பெற்றோரிடம் போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். இது பிள்ளையை வேவு பார்க்க அல்ல, பிள்ளையின் போன் அணைந்து கிடக்கும் ஒரு ராத்திரிக்காக. பிறகு மூன்று இடத்துக்குச் சேர்ந்து நடந்து போய் வாருங்கள்: மருந்துக் கடை, ஏடிஎம், பஸ் நிறுத்தம். போகும்போது நீங்கள் முன்னால், திரும்பும்போது பிள்ளை முன்னால்.

சாயங்காலம் ஆனதும் கிளம்பிவிடுங்கள். லாட்ஜ் எடுத்து மறுநாளும் போய் நிற்பது பிள்ளைக்குத்தான் சங்கடம், மற்ற பிள்ளைகள் ஒன்றாகச் சாப்பிடப் போகும்போது இவள் வாசலில் அம்மாவோடு நிற்பாள். அழுகை வந்தால் அழலாம், ஒன்றும் குற்றமில்லை. எங்கள் வீட்டில் நான் அழவில்லை. இவர்தான் செருப்பு வாரைச் சரி செய்கிறேன் என்று வெகுநேரம் குனிந்திருந்தார்.

7. முதல் ஆறு வாரம்

போன் நேரத்தைப் பேசிவையுங்கள். எங்களுக்கு இரவு எட்டரை, சாப்பாடு முடிந்த பிறகு, பத்து நிமிடம். நடுவில் அவள் கூப்பிட்டால் எடுப்பேன், நான் கூப்பிட மாட்டேன். 'சாப்பிட்டியா' என்று கேட்டால் 'ம்' என்றுதான் பதில் வரும். இன்றைக்கு மெஸ்ஸில் என்ன போட்டார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

இரண்டாம் வாரம், "வந்து கூட்டிட்டுப் போயிடும்மா" என்று ஒரு போன் வரும். கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் வருகிறது. உடனே பஸ் ஏறாதீர்கள், 'இதுக்கா இவ்வளவு செலவு பண்ணினோம்' என்றும் சொல்லாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். "சரி, சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம், அன்னைக்கும் இப்படியே இருந்தா பேசலாம்" என்றேன். சனிக்கிழமை அவள் தோழிகளோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருந்தாள், எங்களைக் கூப்பிட மறந்துவிட்டாள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் வீட்டு நினைப்பும் உண்மையான தொந்தரவும் வேறு. வீட்டு நினைப்பில் அழுகிற பிள்ளை மறுநாள் வகுப்புக்குப் போகும், பிடிக்காத சாம்பாரைத் திட்டும். தூக்கமில்லை, சாப்பிடுவதில்லை, வகுப்புக்குப் போவதில்லை, குறிப்பிட்ட ஒரு சீனியர் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறது, திடீரென்று பணம் கேட்கிறது, பேச்சு ஒற்றைச் சொல்லில் முடிகிறது என்றால் அன்று ராத்திரியே பஸ் ஏறுங்கள். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது, இரண்டு வருடம் வரை சிறை உண்டு. சேரும்போது பெற்றோரும் பிள்ளையும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுப்பது யூஜிசியின் 2009 விதிப்படிதான், வெறும் காகிதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ராகிங் புகாருக்கு 1800-180-5522 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்கும். மனசு சரியில்லை என்றால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். இரண்டு எண்ணையும் பிள்ளையின் போனில் நீங்களே பதிந்து வையுங்கள், தேவைப்படும் நேரத்தில் யாரும் தேட மாட்டார்கள்.

8. காய்ச்சல் வந்தால்

இதற்கென்று தனியாக ஒரு பகுதி எழுதுவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அதோடு கொசு, டெங்கு. நான் மகளுக்குப் போட்ட விதி எளிது. காய்ச்சல் வந்த அன்றே எனக்கும் வார்டனுக்கும் சொல்ல வேண்டும். பாரசிட்டமால் மட்டும், வேறு வலி மாத்திரை எதுவும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது, ஏனென்றால் டெங்குவாக இருந்தால் சில வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கும். இரண்டாம் நாளும் இறங்காவிட்டால் டாக்டர், ரத்தப் பரிசோதனை. தண்ணீர், கஞ்சி, ஓஆர்எஸ் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் சரியாகிவிட்டது என்று படுத்திருக்கக் கூடாது, அப்போதுதான் ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் 108.

மகளுக்கு முதல் நவம்பரிலேயே காய்ச்சல் வந்தது. காலை பதினொரு மணிக்கு அவளே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தாள், டோக்கன் நம்பர் 43 என்று. வைரஸ் காய்ச்சல்தான், மூன்று நாளில் சரியானது.

9. படிப்பு

முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுவது ரொம்பச் சாதாரணம், பள்ளியில் சென்டம் எடுத்தவர்களுக்கும் விழுகிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் வகுப்பில் காது மட்டும்தான் இருக்கும், புரியாது. அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். வாத்தியாரிடம் தனியாகப் போய்க் கேட்கலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது, அதைச் சொல்லிக் கொடுங்கள். மதிப்பெண்ணை விட வருகைப்பதிவைக் கேளுங்கள்: அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும், அரியரைத் திரும்ப எழுதிவிடலாம், வருகை குறைந்தால் பரீட்சையே எழுத முடியாது.

10. ஊருக்கு வரும்போது

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாளாக இருந்தது. தீபாவளிக்கு முந்தைய நாள் டிக்கெட் என்றால் அறுபது நாள் பின்னோக்கி எண்ணி, அன்று காலை எட்டு மணிக்கு விரலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இதையும் பிள்ளையே செய்யட்டும். மகள் முதல் தடவை கோட்டைவிட்டு, கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே விழுப்புரம் வரை வந்தாள். பொங்கலுக்கு ஆறு பேருக்குச் சேர்த்து அவளே போட்டுக் கொடுத்தாள்.

வந்த பிள்ளை இரண்டு நாள் தூங்கும். எழுப்பாதீர்கள். இளைத்துவிட்டாய் என்று வாசலிலேயே ஆரம்பிக்காதீர்கள். கையில் அழுக்குத் துணி மூட்டை இருந்தால் வாஷிங் மெஷின் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், வாங்கிக்கொள்ளாதீர்கள். திரும்பிப் போகும்போது நீங்கள் கட்டித் தரும் பையை ஒரு முறை தூக்கிப் பாருங்கள். வருடக் கடைசியில் விடுதியைக் காலி செய்யச் சொல்வார்கள், அப்போது அனுப்பிய அத்தனையையும் மூன்று மாடி இறக்கித் தூக்கி வரப்போவது நீங்கள்தான்.